செத்த வண்டிக்குப் புதுச் சட்டை

சர்வீஸ் சென்டரில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். லேப்டாப்பிலிருந்து வண்டிக்கு ஒரு ஒயரைச் செருகி, எஞ்சினுக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான். அதில் அவனுக்கு இருந்த பந்தா கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பந்தாவில்தான் தங்கை புருஷனின் வாடகைக் காரில் கைவைத்தான். தங்கை குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த ஒரு கார். எஞ்சினை இயக்கும் கம்பெனி புரோகிராமை எடுத்துவிட்டு, எவனிடமோ வாங்கிய வேறொன்றை ஏற்றினான்.

"வாரண்டி போயிடாதா மச்சான்?" என்று மாப்பிள்ளை பயந்தார்.

"நான் இருக்கேன்ல மாப்ளே. மேட்டுல பறக்கும் பாருங்க."

பறந்தது. மூன்றாம் மாதம் பிஸ்டன் உடைந்து நின்றது.

டாக்டர் அசரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லேப்டாப்போடு தங்கை வீட்டுக்குப் போய், கம்பெனி புரோகிராமையே திரும்ப ஏற்றினான். மறுநாள் வண்டியை சர்வீஸ் சென்டருக்கு இழுத்து வந்தார்கள். 'தயாரிப்புக் கோளாறு, வாரண்டியில் புது எஞ்சின் தரலாம்' என்று அறிக்கையும் அவனே எழுதினான்.

கம்பெனி ஆய்வாளர் வந்தார். மாப்பிள்ளையும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, லேப்டாப்பைத்தான் பார்த்தார்.

"வண்டி பத்து நாளைக்கு முன்னாடியே நின்னுடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா இதுல இருக்கிற புரோகிராம் வெர்ஷன் வெளியாகியே அஞ்சு நாள்தான் ஆச்சு. ஏத்துனது இந்த லேப்டாப். செத்த வண்டிக்குப் புதுச் சட்டை போட்டது யாருப்பா?"

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. பாழாய்ப்போன பழக்கம்! புதிய வெர்ஷனை ஏற்றவா என்று லேப்டாப் கேட்டால், தினமும் ஆமாம் என்று தட்டுகிற விரல் அன்றைக்கும் தட்டியிருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அன்னிக்கு இவங்க வீட்டுக்குப் போயிருந்தேன் சார். நான் சாப்பிட உக்காந்த நேரத்துல இவர்தான் நோண்டியிருக்கார். வெளியில வேற புரோகிராம் ஏத்தி ட்யூனிங் பண்ணிட்டு அதை மறைக்கப் பார்த்திருக்கார்."

கொஞ்சம்கூடக் கூசவில்லை. மாப்பிள்ளையோ போனில் ஒரு நம்பரைப் பதியவே மகளைக் கூப்பிடுகிறவர். அவர் மச்சானையே பார்த்தார், ஏதாவது ஜாடை காட்டுவான் என்று. அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா சார்," என்றார் கடைசியில். "நான்தான்."

ஆய்வாளர் ஒயரை அவரிடம் நீட்டினார். "எங்க செருகுனீங்க? காட்டுங்க."

மாப்பிள்ளை ஒயரோடு வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்தார், பேட்டரிக்குப் பக்கத்தில் தேடினார். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ஓட்டை அவருக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக்குகள் சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்தார்.

"சரி, விடுங்க. எவன் செஞ்சா எனக்கென்ன? ஓனரே ஒத்துக்கிட்டார், அது போதும். வாரண்டி ரத்துன்னு நீயே அடிப்பா."

டாக்டர் பிழையில்லாமல் அடித்தான். பிறகு எழுந்து நின்று, "வண்டியை வெளியில தள்ளுங்க மாப்ளே, அடுத்த வண்டி காத்திருக்கு," என்றான்.

மாப்பிள்ளை தனியாகத் தள்ளத் தொடங்கியபோது டாக்டரின் போன் அடித்தது. தங்கைதான்.

"அண்ணே, நீ அங்க இருக்கேன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன். என்ன ஆச்சு?"

தள்ளிக்கொண்டிருந்தவர் கை நின்றது.

"உன் புருஷன் பண்ணி வச்ச வேலைக்கு," என்றான் டாக்டர், "நான் என்னம்மா செய்ய முடியும்?"