சாப்பாட்டு மேசைமேல் ஒரு ஸ்ப்ரே பாட்டில்

"கண்ணைத் தொறடா இசித்ரோ! இறுக்கி மூடாதடா!"

ஹெர்மினியா தம்பியின் தலையைக் குழாய்க்கு அடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். அவன் ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டுகிறவன். மத்தியானச் சோற்றுக்கு அக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தவன், எல்லா டிரைவரும் செய்வதுபோல கை சுத்தம் செய்ய மேசைமேல் வைத்திருந்த ஆல்கஹால் பாட்டிலை எடுத்துக் கை நிறைய அடித்தான். வெயிலுக்குச் சில்லென்று இருக்குமே என்று அதே கையால் முகத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டான். அடுத்த நொடி மேசையே கவிழ்கிற மாதிரி எழுந்து அலறினான்.

"எரியுதுக்கா! எதுவுமே தெரியலைக்கா!"

டிரைவருக்குக் கண் போனால் என்ன மிச்சம்? ஹெர்மினியா குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு பெயர் இருந்தது. கிளேட்டோ. அவள் புருஷன்.

கடைக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருப்பது அவனுடைய ஒர்க்‌ஷாப். எண்ணெய், பிசுக்கு நீக்குகிற கரைசல் எல்லாவற்றையும் டப்பா டப்பாவாக வாங்கிக் காசைக் கரைக்காதே, டிரம்மில் வாங்கி ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி நிரப்பிப் பயன்படுத்து என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். நல்ல கெட்டிப் பாட்டில்களாகத் தேடி, எண்ணெய்க்குச் சிவப்பு மூடி, கரைசலுக்கு நீல மூடி என்று பார்த்துப் பார்த்து வாங்கியும் கொடுத்தாள். செலவு பாதிக்குப் பாதி குறைந்தது. அதோடு நின்றிருக்கலாம் அந்த மனுஷன். நின்றானா? ஒரு நீல மூடி உடைந்தது. புதிதாக வாங்கவில்லை. இவள் கடையில் காலியான ஆல்கஹால் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு போய் அதில் ஊற்றி வைத்துக்கொண்டான். இதுவும் வெள்ளைப் பாட்டில், அதுவும் வெள்ளைப் பாட்டில். உள்ளே இருப்பதும் தண்ணீர் மாதிரி.

"சாப்பிடுற இடத்துப் பாட்டில்ல அந்தக் கருமத்தை ஊத்தாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று அவள் கத்தாத வாரமில்லை.

"என் பாட்டில் எதுன்னு எனக்குத் தெரியாதா? வாய மூடு" என்பான்.

இன்று காலை அவன் கையில் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து சூப் குடித்துவிட்டுப் போனதை அவளே பார்த்தாள். போகும்போதும் கையில் ஒரு பாட்டில் இருந்தது. எந்தப் பாட்டில்?

அலறல் கேட்டுக் கிளேட்டோ துணியில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தான். குழாயடியைப் பார்த்தான். மேசையில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை ஹெர்மினியா கவனித்தாள்.

"இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், ஆல்கஹால்தான்" என்றான் கிளேட்டோ. "மச்சான் கண்ணுல பட்டிருக்கும். கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் சரியாப் போயிடும். போதும் விடு, தண்ணி பூரா வீணாப் போகுது."

அவள் பிடியை விட்டுக் குழாயை மூடினாள். ஆல்கஹால் என்றால் இத்தனை நேரம் கழுவியதே போதும். இசித்ரோ நிமிர்ந்தான். கண்ணிரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, திறக்கவே முடியாமல் துடித்தன.

"அக்கா, இது ஆல்கஹால் இல்லக்கா. ஆல்கஹால் இப்படி வழவழன்னு இருக்காதுக்கா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஹெர்மினியா போய் அந்தப் பாட்டிலை எடுத்தாள். புருஷன் முன்னால் நீட்டினாள்.

"ஆல்கஹால்தானே?"

"ஆமாங்கிறேன்ல."

"அப்போ உன் மூஞ்சியில அடிச்சுக்கோ."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அடிச்சுக்கோ கிளேட்டோ. கொஞ்ச நேரம்தானே எரியும்? நீதானே சொன்னே? இந்தா, பிடி!"

அவன் பிடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனான். அவள் விசையில் விரலை வைத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டியதும், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "வேணாம், வேணாம்! அது பிசுக்கு எடுக்கிற கரைசல்! தண்ணி கலக்காத காரம்!" என்று கத்தினான்.

அடப்பாவி! தன் கண் என்றதும் உண்மை எப்படி வருகிறது பார்!

"தண்ணி! நிறுத்தாதீங்க, ஊத்திக்கிட்டே இருங்க!" என்று ஹெர்மினியா அலறினாள். ஒருவன் இசித்ரோவை மறுபடி குழாயடிக்கு இழுத்தான். இன்னொருவன் குடிதண்ணீர்ப் பெரிய பாட்டில்களை ஜீப்னியில் ஏற்றினான். கிளேட்டோ, "நான் ஓட்டறேன்" என்று சாவிக்குக் கை நீட்டினான்.

"என் வண்டிய அவன் தொடக் கூடாது" என்றான் இசித்ரோ, கண்ணைத் திறக்காமலே.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வழியெல்லாம் தண்ணீர் ஊற்றினார்கள். ஹெர்மினியா டாக்டரிடம் பாட்டிலை நீட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னாள். டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நடுவில் கழுவுவதை நிறுத்தினீர்களா? ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

வலது கண் தப்பிவிட்டது. இடது கண்ணில் புகை மாதிரிதான் தெரிகிறது, அது தெளியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இசித்ரோ கட்டுப் போட்ட முகத்தோடு படுத்துக்கொண்டு, "அக்கா, ஒத்தைக் கண்ணுக்கு லைசென்ஸ் குடுப்பானாக்கா?" என்று கேட்டான். அவள் வராந்தாவுக்கு ஓடிவந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் கிளேட்டோ வந்தான். வராந்தா ஓரமாக நின்றான். மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். அப்புறம் அவள் மடியில் இருந்த பாட்டிலைப் பார்த்தான்.

"அதை எங்கிட்ட குடுத்துடு ஹெர்மி. பாதிக்கு மேல இருக்கு. வீணாப் போகும்."

ஹெர்மினியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஆளோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று இருந்தது. கத்துவாள் என்று பார்த்தான். அவள் கத்தவில்லை.

"வீணாப் போகாது. நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்றாள். "சாப்பிட வா. நம்ம வீட்டு மேசையில, உன் தட்டுக்குப் பக்கத்துலயே வைக்கிறேன். ஒவ்வொரு வேளையும் இதைப் பாத்துக்கிட்டே தின்னு."

மறுநாள் காலை சோறும் பொரித்த மீனும் வைத்தாள். சொன்னபடியே பாட்டிலையும் வைத்தாள். கிளேட்டோ உட்கார்ந்தான், பாட்டிலைப் பார்த்தான், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவள் பாட்டிலை எடுக்கவில்லை. மத்தியானமும் அது அங்கேயேதான் இருந்தது.