மேல்பாதிச் சீருடை

என் அண்ணன் பள்ளிச் சீருடை தைப்பவர். கொள்ளைநோய் வந்து பள்ளிகளைப் பூட்டியபோது எங்கள் பிழைப்பையும் சேர்த்துப் பூட்டினார்கள். பிறகு பாடம் செல்போனில் வந்தது. சட்டை மட்டும் தைத்தால் போதும் என்றார்கள். இடுப்புக்குக் கீழே கேமராவில் தெரியாதாம். படிப்பே பாதியாகிவிட்டது, பாவாடை எதற்கு?

அண்ணன் மகளை நாங்கள் ‘வக்கீல்’ என்போம். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். வீட்டில் இருந்தது ஒரே செல்போன். அவள் வகுப்பு நடுவில் யாராவது முகக்கவசம் தைக்கக் கேட்டு அழைப்பார்கள், பாடம் அறுந்துபோகும். கடைசியில் அவளும் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

“பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கே போயிடுவேன்பா. அப்புறம் கூப்பிடக் கூடாது.”

“நீ போகாம வேற யாரு போவா?” என்றார் அண்ணன். அவளுக்கென்று முழுச் சீருடை ஒன்றை முதலிலேயே தைத்து மாட்டியும் வைத்தார். வளர்கிற பிள்ளை என்று பாவாடையில் மடிப்பு தாராளமாக விட்டிருந்தார்.

பள்ளி திறந்தது. யாருக்கும் பழைய உடுப்பு சேரவில்லை. சீருடை இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட, ஊரே எங்கள் வாசலில் வந்து நின்றது. நோய்க்குப் பயந்து ஊருக்குப் போன எங்கள் தையல் வேலையாட்கள் திரும்பியிருக்கவில்லை.

“இந்த ஒரு வாரம் மட்டும் இரும்மா” என்று கெஞ்சினார் அண்ணன்.

தன் வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் வக்கீலே அளவெடுத்தாள். வாரம் மாதமானது. ஒரே ஒருத்திக்கு மட்டும் பாக்கி இருந்தபோது துணி தீர்ந்தது. மில்லும் மூடிக் கிடந்தது. அந்தப் பெண் அழுதாள். வக்கீல் உள்ளே போய்த் தன் சீருடையை எடுத்து வந்து, பாவாடை மடிப்பைப் பிரித்து நீட்டி, அவளிடம் கொடுத்துவிட்டாள். அண்ணன் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் தலைமையாசிரியை நன்றி சொல்ல வந்தார்.

“உங்க புண்ணியத்துல ஒரு பிள்ளைகூட வெளிய நிக்கல.”

பிறகு மிஷின் பக்கம் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே வக்கீலின் பாதி முகம்தான் தெரிந்தது.

“இந்தப் பொண்ணு தையல் சுத்தமா இருக்கே! படிச்சிருக்கியாம்மா?”

“உங்க பள்ளிக்கூடம்தான் டீச்சர்.”

“அட, அப்படியா!” அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “எந்த வருஷம் முடிச்சே?”

வக்கீல் வாதாடவில்லை. குனிந்து மிஷினை மிதித்தாள்.