உறையின் அளவு

பழனியப்பன் வாளைக் காட்டினார்; உருவவில்லை.

கிள்ளான் வீட்டின் முன்கூடத்தில், கட்டுப்போட்ட வலது காலை முக்காலியில் நீட்டி, வாளை உறையோடு மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதி போன வருடம் அந்தக் காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. வாயை மட்டும் அது தொடவில்லை.

"பார்த்துக்க. நல்லாப் பார்த்துக்க. கோயில் கமிட்டி காட்டச் சொன்னாங்க, காட்டிட்டேன்."

எதிரே நின்ற தம்பி கன்னையாவுக்கு முகம் கடுத்தது. "உருவிக் காட்டினாத்தானே அளவு எடுக்கலாம்?"

"காட்டணும்னுதான் தீர்ப்பு. உருவணும்னு எங்க இருக்கு? எதையும் எழுத்துல கேக்குற ஆளு நீதானே? படிச்சுப் பாரு."

அந்த வாள், பாண்டிய ராஜா காலத்தில் அவர்களுடைய பாட்டன் பூட்டன் யாரோ ஒருவனுக்குக் கிடைத்தது என்று வீட்டில் பேச்சு. அப்பா அதைக் கம்பளியில் சுற்றிக் கப்பலில் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார். சாகும்வரை ஆடித் திருவிழாவில் அம்மன் தேருக்கு முன்னால் அதை ஏந்தி நடந்தார். அவர் போனதும் அண்ணனும் தம்பியும் அதை ஏந்தும் முறை யாருக்கு என்று இரண்டு வருடம் கோயில் வாசலில் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் கமிட்டி சொன்னது: பழைய வாளோடு பழனியப்பன் வலப்பக்கம் நடக்கட்டும், அதேபோல ஒன்று செய்து எடுத்துக்கொண்டு கன்னையா இடப்பக்கம் நடக்கட்டும். ஆடிக்குள் அதேபோல வாள் வராவிட்டால், முறை அண்ணனுக்கு மட்டுமே.

"உருவுறதுக்கு என்ன கேடு உனக்கு?"

"உருவினா நம்ம வீட்டு ஆம்பளை ரத்தம் ஒரு சொட்டாவது படாம உறைக்குள்ள போகக்கூடாது. அப்பா சொன்னது மறந்துபோச்சா? எனக்கு ஒரு கீறல் பட்டாலும் ஆறாது. எனக்குப் பொறந்தது மூணும் பொண்ணு. ரத்தம் யாரு குடுக்கிறது, நீயா?"

"உனக்கா? ஒரு சொட்டுகூடக் கிடையாது."

"அப்ப உறையைப் பாத்துட்டுப் போ."

கூட வந்திருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் கொல்லர் ரெங்கசாமி, தரையில் பழுப்புத் தாளை விரித்தார். உறையோடு வாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடிழுத்தார். அண்ணி இராஜம்மா கொல்லருக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் பட்டறையில் ரெங்கசாமி தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சொன்னார்: "கிராணியாரே, இது உறையோட அளவு. உள்ள இருக்கிற தகடு இதுல பாதிதான் இருக்கும். நான் ரெண்டு பக்கமும் விரற்கடை குறைச்சு அடிக்கிறேன்."

கன்னையா ரயில்வே பண்டகசாலையில் இருபது வருடமாகக் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவர். வரைபடத்துக்கு மாறாக ஓர் ஆணி வந்தாலும் திருப்பி அனுப்பிப் பழகியவர். நேற்று அந்த வீட்டுக் காப்பியைக் குடித்தவன் இன்று வாளைக் குறைக்கப் பார்க்கிறான் என்றுதான் அவருக்குப் பட்டது.

"என் வாள் அவனோடதைவிட ஒல்லியா இருக்கணும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல. நாப்பது வருசமா இரும்பு சொல்லுது."

"கோடு எங்க போகுதோ அங்க அடி. ஒரு மயிரிழை குறைஞ்சாலும் நான் வாங்க மாட்டேன்."

சொன்னதோடு விடவில்லை. அதையே தாளின் ஓரத்தில் மையால் எழுதி, ரெங்கசாமியின் கட்டைவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டார். ரெங்கசாமி விரலை வேட்டியில் துடைத்தார். லோரியின் பழைய வில்பட்டையை உலையில் போட்டார்.

மூன்று வாரம் கழித்து வந்த வாளை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. வெளியே தெரிந்த பாகம் என்பதால் பிடி மட்டும் அச்சு அசலாக இருந்தது. அதற்குமேல் நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இரும்புப் பலகை. கன்னையா அதைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தார். கோடு பிசகவில்லை. குறை சொல்ல வழியில்லாத கோபம், எந்தக் கோபத்தையும்விடப் பொல்லாதது.

"இதுக்கு உறை?" என்று கேட்டார் ரெங்கசாமி.

"வேண்டாம்."

"அதான் நல்லது. இதுக்கு உறை செஞ்சா அதுல ஆளே படுக்கலாம்."

ஆடித் திருவிழா அன்று கன்னையா அந்த வாளைத் தோளில் சாத்திக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினார். ரெங்கசாமியும் வந்தார், தான் அடித்ததைக் கமிட்டி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அளவுத் தாளும் அவருடைய இடுப்பில் சுருட்டியபடி இருந்தது. பழி வந்தால் கன்னையா அதில் எழுதியதைக் காட்டத்தான்.

தேர் புறப்படத் தயாராக நின்றது. பழனியப்பன் தடியூன்றி வந்தார். தம்பியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.

"என்னடா இது, சம்பான் படகுத் துடுப்பா? அம்மனைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

கூட்டம் சிரித்தது. கன்னையா அதை இரண்டு கையாலும் இன்னும் உயரத் தூக்கினார்.

"உன்னோடது மாதிரி இல்லைன்னு சொல்றியா? அப்ப உன்னோடதைக் காட்டிட்டுச் சொல்லு. உள்ள வாள்தான் இருக்கோ, விளக்குமாத்துக் குச்சிதான் இருக்கோ, இங்க யாருக்குத் தெரியும்?"

கமிட்டித் தலைவர் கார்த்திகேசு தொண்டையைக் கனைத்தார். "பாக்காம ஒண்ணும் சொல்ல ஏலாதுதானே, பழனியப்பன்."

விளக்குமாறு என்ற சொல் பழனியப்பனைச் சுட்டுவிட்டது. இராஜம்மா கையைப் பிடிப்பதற்குள் வாளை உருவிவிட்டார்.

இரண்டு விரல் அகலத்தில், நடுவே நீளமாக ஒரு குழிவோடு, நுனிக்கு ஒரு சாண் கீழே விளிம்பில் சிறு பொக்கை விழுந்து, கறுத்த வாள் ஒன்று வெயிலில் நின்றது. கன்னையா பிறந்ததிலிருந்து அதை உறையில்லாமல் பார்த்ததே இல்லை. பார்த்ததும் தன் கையில் இருந்ததைத் தரையில் போட்டுவிட்டார்.

"அதேபோல இல்லை" என்றார் கார்த்திகேசு. "முறை பழனியப்பனுக்குத்தான்."

"கேட்டுக்கிட்டியா?" என்று பழனியப்பன் வாளை உறைக்குக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடத்தைப் பிடித்திருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இடது கட்டைவிரலை விளிம்பின் பக்கம் கொண்டுபோனார்.

"வேண்டாங்க" என்றாள் இராஜம்மா. "கால்ல பட்ட ஒரு கீறல் ரெண்டு விரலைக் கொண்டுபோச்சுன்னு தெரியும்ல? இப்ப கையையும் குடுக்கப் போறீங்களா?" பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கன்னையா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று சொன்னது தானேதான். அதை அண்ணனும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"அளவு" என்றார் கன்னையா.

"என்னது?"

"வாளைக் கீழ வை. கொல்லர் அளவு எடுக்கட்டும். அடுத்த ஆடிக்கு நான் மறுபடி கொண்டுவருவேன், கமிட்டி பாக்கணும். அதுக்குச் சரின்னா ரத்தம் தரேன்."

"விக்கிறியாடா, ரத்தத்தை?"

"நீ உறையைத்தானே காட்டின?"

பழனியப்பன் கார்த்திகேசுவைப் பார்த்தார், கார்த்திகேசு தலையசைத்தார். இராஜம்மா வாளைக் கணவர் கையிலிருந்து வாங்கித் தானே தரையில் வைத்தாள்.

ரெங்கசாமி இடுப்பிலிருந்த தாளை எடுத்து, மறுபக்கத்தைத் திருப்பி விரித்தார். அவசரமே படவில்லை. வாளைச் சுற்றிக் கோடிழுத்து, அகலம், கனம், குழிவின் ஆழம் எல்லாம் எடுத்து முடித்தபோது, வெயிலில் நின்ற தேர்ப்பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. கன்னையா குனிந்து கட்டைவிரலை விளிம்பில் அழுத்தி இழுத்தார். சொட்டு விழுந்தது. பழனியப்பன் அதைத் துடைக்காமல் வாளை உறைக்குள் தள்ளினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தேர் நகர்ந்தது. பழனியப்பன் வலப்பக்கம் நொண்டியபடி முன்னால் போனார். இடப்பக்கம் காலியாக இருந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கன்னையா கூட்டத்தோடு பின்னால் நடந்தார்.

ரெங்கசாமி பக்கத்தில் வந்து தாளைக் காட்டினார். "கிராணியாரே, நுனிக்குக் கீழ ஒரு பொக்கை இருக்கு. புது வாளுக்கு அது எதுக்கு? நிரவிடட்டுமா?"

கன்னையா தேருக்கு முன்னால் போகும் அண்ணனின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோடு எங்க போகுதோ அங்க அடி."