மலைக்கு அந்தப் பக்கம்

சக்கரத்தைக் கழற்றிய கையோடு மச்சான் பிரேக் கட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மாப்ளே, எட்டுப் பேர் வண்டியையும் நான்தான் பாக்கறேன். உன்னுது மட்டும் ஏன் இப்படித் தேயுது?"

தூசி, ரோடு சரியில்லை என்று ஏதோ உளறினேன். அவர் என் மனைவியின் அண்ணன், எங்கள் சைக்கிள் பந்தய அணியின் மெக்கானிக். எந்த வகையில் பார்த்தாலும் என் பொய் அவரிடம் செல்லாது. புதுக் கட்டையை மாட்டிவிட்டுப் போனார்.

போன வருடம் மழையில் ஒரு வளைவில் விழுந்தேன். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை. ஏற்றத்தில் ஒன்றுமில்லை, நுரை தள்ளுமே தவிர உயிர் போகாது. இறக்கம்தான். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம், விரலகல டயர், உடம்பில் மெல்லிசாக ஒரு பனியன். ஒரு காலத்தில் யோசிக்காமல் செய்ததை இப்போது நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. டிவியில் இறக்கம் வந்ததும் என் மனைவி எழுந்துபோய்த் துணி மடிப்பாளாம். எனக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். அணியில் நான் ஜெயிக்கிறவன் இல்லை, ஜெயிக்கிறவனுக்கு உழைக்கிறவன். தலைவனுக்கு முன்னால் எதிர்காற்றை வாங்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். சக்தி தீர்ந்ததும் ஒதுங்கிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்பாகவே நாக்குத் தள்ளிவிட்டது போல நடித்துப் பின்தங்கிவிடுவேன். பிறகு அந்தப் பக்கம் தன்னந்தனியாக, வளைவுக்கு வளைவு பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி இறங்குவேன். கடைசிச் சொட்டு வரைக்கும் கொடுக்கிறவன் என்று மேனேஜர் மற்றவர்களிடம் என்னைக் காட்டிப் பேசுவார். கேட்கும்போது எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் என்றிருக்கும்.

அன்று பந்தயத்தின் கடைசி மலை. எங்கள் தலைவனுக்கு இருபத்து மூன்று வயது, எல்லோருக்கும் அவன் தம்பிதான். இத்தனை நாள் ஓட்டத்தின் மொத்த நேரக் கணக்கில் அவன்தான் முதலிடம். அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் பந்தயம் அவனுடையது. வழக்கம்போல உச்சிக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டு ஒதுங்கினேன். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. மற்ற அணிக்காரர்கள் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள். சாலையோரத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு தம்பி நின்றிருந்தான்.

ஜெயிக்கப்போகிறவன் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. காதுக்கருவியில் மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். வண்டியில் கோளாறா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். கண்ணை அந்தப் பக்கச் சரிவிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணே, நீங்க முன்னாடி போங்க. உங்க சக்கரத்தையே பாத்துக்கிட்டு வந்துடுவேன். தனியா என்னால முடியாது."

என்னாலயும் முடியாதுடா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் பெடலில் காலை மாட்டிவிட்டான். பயத்தை என்னிடம் இறக்கிவைத்த நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தபிறகு வண்டியை அவனுக்கு முன்னால் செலுத்தினேன்.

பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வரும்போது வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அவன் என்மேல் ஏறுவான், இரண்டு பேரும் பள்ளத்தில். இந்தத் தொழிலில் முதலில் படிக்கிற பாடம் அது. தனியாக இறங்கிப் பழகிய இத்தனை மாதத்தில் என் விரல்கள் மறந்துபோனதும் அதைத்தான்.

முதல் வளைவு எப்படியோ கடந்தது. கண்ணில் தண்ணீர் அறைந்தது. கடவுளே, இவனை மட்டுமாவது என்று வேண்டிக்கொண்டேன். அடுத்தது கொண்டை ஊசி. முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் வெறும் மேகம். வண்டியைச் சாய்த்தேன். விரல்கள் தாமாகப் பிரேக்கின்மேல் போய் உட்கார்ந்தன. பின்னால் அவன் பெடல் மிதிப்பதை நிறுத்தியிருந்தான். சும்மா சுழலும் சக்கரத்தின் டிக்டிக் சத்தம் என் முதுகை ஒட்டி, ஒரு கை தூரம்கூட விலகாமல், வந்துகொண்டே இருந்தது.