யோகேஸ்வரன் அண்ணையின் அமெரிக்கா

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரோவிலில் எங்கள் பக்கத்துத் தெருவில்தான் யோகேஸ்வரன் அண்ணை இருக்கிறார். மனைவி காலமான பிறகு தனியே இருந்து, அமெரிக்கப் புரட்சியைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதி முடித்தார். ஊரில் நான் சரித்திரம் படிப்பித்தவள் அல்லவா, வெளியீட்டு விழா மதிப்பீட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்.

“ரீச்சர், என்னைப் புகழ வேண்டாம். இஞ்ச பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையள் இந்தப் புரட்சியைப் பாடமாப் படிக்கினம். அவைக்கு என்ன பயன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”

குறை பிடிக்கலாம் என்று பென்சிலோடு உட்கார்ந்தேன். பிடிக்க முடியவில்லை. பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதையோடு மனிதர் நிற்கவில்லை. விடுதலை கேட்டவர்களின் வீட்டிலேயே அடிமைகள் இருந்ததையும், பூர்வகுடிகள் நிலம் இழந்ததையும் எழுதியிருந்தார். இரண்டு பக்கத்தார் சொன்னதையும் அருகருகே வைத்திருந்தார். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடம் படிக்கிற, என் சிநேகிதி சிவாஜினியின் மகள் ராகவியிடம் காட்டினேன்.

“எப்பிடியடி இருக்கு?”

“அட்டை நல்ல வடிவு, அன்ரி.”

“உள்ளுக்கு?”

விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். முதல் வரி முடிவதற்குள் என் தேத்தண்ணி ஆறிவிட்டது.

“அன்ரி, எக்ஸாம் இந்த நவம்பர். இதை முடிக்க அடுத்த நவம்பர் வந்திடும். இங்கிலிஷ்ல இல்லையா?”

அண்ணையிடம் போனேன். அச்சாகி வந்த பெட்டிகள் குசினி அடுப்பு வரை அடுக்கியிருந்தன. ஒரு கதிரையில் மட்டும் இருக்க இடம் இருந்தது.

“அண்ணை, இதை இங்கிலீசிலயும் ஒருக்கா…”

“ஏன் ரீச்சர்? பிள்ளையள் சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடம் போகினம்தானே!”

பெட்டிகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, உண்மையும் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல் இரண்டு தாள் எழுதினேன்.

நோபல் பார்க் மண்டபத்தில் விழா. முதற்பிரதியை வழமையாக ஒரு வர்த்தகர்தான் வாங்குவார். அண்ணை விடவில்லை.

“முதற்பிரதி படிக்கிற பிள்ளைக்கு! ராகவி, வாம்மா.”

ஒரே கைதட்டல். புத்தகத்தைக் கொடுத்தவர் மைக்கையும் நீட்டினார். “ஒரு பந்தி வாசியம்மா, எல்லாரும் கேக்கட்டும்.”

ராகவி என்னைப் பார்த்தாள். நான் குத்துவிளக்கைப் பார்த்தேன்.

“பொஸ்… ரன்… துறை… முக…”

“கப்பல் இன்னும் கரைக்கு வரேல்லைப் போல,” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

அண்ணை சிரிக்கவில்லை. அவள் பக்கம் குனிந்து, புத்தகத்தைப் பாராமலே ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். அவள் திருப்பிச் சொன்னாள். பந்தி அப்படியே முடிந்தது. கைதட்டல் முன்னதை விடப் பலம். அவரோ முன்வரிசைப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோர் மடியிலும் புத்தகம் இருந்தது. ஒருவரும் திறக்கவில்லை.

“அடுத்து மதிப்பீட்டுரை,” என்றார் அறிவிப்பாளர் சிறிதரன்.

நான் படியேற, அண்ணை இறங்கி வந்தார். என் கையைப் பிடித்தார்.

“ரீச்சர், அந்தப் பிள்ளையளுக்குப் பயன் எண்ட பகுதியை விட்டிடுங்கோ. மற்றதைச் சொல்லுங்கோ.”

அவர் முதலில் கேட்டபடி என் இரண்டு தாளிலும் பிள்ளைகளுக்கான பயன் ஒன்றைத்தான் எழுதி வைத்திருந்தேன். மடித்துக் கைப்பையில் வைத்தேன். மண்டபம் காத்திருந்தது. படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அட்டை நல்ல வடிவாயிருக்கு,” என்று தொடங்கினேன்.