திரும்பி வராத கரண்ட்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. எதைச் சொன்னாலும் "போட்டோ எடுத்து அனுப்புங்க" என்கிறார்கள். மாடியில் சோலார் தகடும் சுவரில் இன்வெர்ட்டரும் மாட்டிவிட்டுப் போன கம்பெனிக்காரனும் அதையேதான் சொன்னான்.

"சுவிட்ச் விழுறதை எப்படிடா போட்டோ எடுக்கிறது? விழுந்து கிடக்கிறதைத்தான் எடுக்கலாம்!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார் பெரியவர்.

வேறு சுவிட்ச் என்றால் பொறுத்துப் போயிருப்பார். இது இன்வெர்ட்டர் லைனுக்கென்று புதிதாக வைத்த டிரிப் சுவிட்ச், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை நிறுத்துவது. அவர் மனைவியின் ஆக்சிஜன் மெஷின் அந்த லைனில்தான் ஓடியது. கரண்ட் போனாலும் மெஷின் நிற்கக்கூடாது என்றுதான் சோலாரே போட்டார்கள். இப்போது கரண்ட் இருக்கும்போதே நின்றது. நினைத்த நேரத்தில் 'டக்'. மெஷின் அலறும், அந்தம்மாவுக்கு மூச்சு இழுக்கும், இவர் விழுந்தடித்து ஓடுவார்.

காலையில் மகள் வந்து அம்மாவின் புடவைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்குள்ள சரியாகலைன்னா அம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்பா. சண்டை போடாதீங்க."

"அந்த மாடிப்படியை இவ எப்படி ஏறுவா? நீ தூக்குவியா?"

"என்னைக் கேக்காமலே அப்பனும் மகளும் ஏலம் விடுங்க" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்தான். மெஷினைச் சாதாரண லைனுக்கு மாற்றிவிட்டுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தான்.

"அந்தச் சனியனைக் கழட்டிட்டு நேரா ஒரு கம்பியைக் குடு" என்றார் பெரியவர்.

"குடுக்கலாம். நாளைக்கு ஷாக் அடிச்சா காப்பாத்த ஆள் வேணாமா?"

வேலை தெரியாதவன்தான் இப்படிப் பேசுவான் என்று பெரியவர் நினைத்தார். இன்வெர்ட்டர் லைனில் லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தார்கள். அப்படியும் விழுந்தது.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணுமே ஓடலை. எப்படி விழுது?"

"அதைக் கேக்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?"

பெரியவர் சுவிட்சைத் தூக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். நானா அதுவா, இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. மகள் சாப்பிடக் கூப்பிட்டாள், அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. செருப்பைத் தேய்க்கும் சத்தம். டக்!

மறுபடி தூக்கிவிட்டார். வெகுநேரம் கழித்து மறுபடி இருமல், செருப்பு, டக்!

"அவன்தான்டா!" என்று துள்ளி எழுந்தார். அந்தப் பக்கம் இருப்பது அவருடைய தம்பி. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "என்னமோ வேலை பண்றான். வா!"

தம்பி கதவைத் திறந்தார். "என்ன, வீடு தெரியாம வந்துட்டியா?"

"இப்ப எந்த லைட்டைப் போட்டே?"

"பாத்ரூம் லைட்டை. என் வீட்டு லைட்டைப் போட உன்கிட்ட எழுதிக் குடுக்கணுமா?"

பெரியவர் அந்த லைட்டை அணைக்க வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, சுவிட்சைத் தூக்கிவிடச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்தார். "இப்பப் போடு."

தம்பி போட்டார். "விழுந்துடுச்சுப்பா!" என்று சுவருக்கு அப்பாலிருந்து மகள் கத்தினாள்.

எலக்ட்ரீஷியன் பாத்ரூம் கதவுக்கு மேலிருந்த வயர் பெட்டியைத் திறந்து பார்த்தான். "லைட்டுக்கு வர்ற கரண்ட் இவரோடது. திரும்பிப் போற நியூட்ரல் கம்பி உங்க வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல சேருது. வீட்டைப் பிரிச்சவங்க இதைப் பிரிக்கலை. பழைய ஃபியூஸுக்கு அதெல்லாம் கணக்கில்லை. புது சுவிட்ச், போறதும் வர்றதும் சமமான்னு பாக்கும். இல்லைன்னா விழும்."

"அப்ப நான் கரண்ட் திருடினேன்னு சொல்லத்தான் வந்தியா?" என்று தம்பி எகிறினார்.

அதைச் சொல்லத்தான் பெரியவர் வந்தார். ஆனால் சொல்லவில்லை. "அந்தக் கம்பியை அறுத்துட்டு உன் போர்டிலேருந்து தனியா இழுக்கணும். செவுத்தைக் குடையணுமாம்."

"இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன். முடியாது."

"அந்த லைன்லதான் உங்க அண்ணியோட மூச்சு மெஷின் இருக்கு. இது விழும்போதெல்லாம் அது நிக்குது. நீ குடைய விடுற வரைக்கும் நான் இங்கேருந்து நகரமாட்டேன்." சொன்னபடியே வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

தம்பி குனிந்து அவரைப் பார்த்தார். "அண்ணிக்கா? இதை முதல்ல சொல்ல வாய் வரலையா உனக்கு? எந்திரி, வழியை விடு. ஏணி எடுத்துட்டு வரேன்."

வேலை முடிந்து மெஷினைப் பழையபடி இன்வெர்ட்டர் லைனில் மாட்டினார்கள். தம்பி லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். விழவில்லை. மெயினை அணைத்துப் பார்த்தார்கள். இன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டது. மெஷின் மூச்சு மாறாமல் ஓடியது. பக்கத்திலேயே நின்று பார்த்த மகள், பையிலிருந்து புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"போன கரண்ட் அதே வழியில திரும்பி வரணும் பெரியவரே. அவ்வளவுதான் விஷயம்" என்றான் எலக்ட்ரீஷியன்.

"எரிஞ்சு தீர்ந்தது எப்படிடா திரும்பி வரும்? குடிச்ச தண்ணி குழாய்க்கா திரும்பிப் போகுது?"

"அது வேற, இது..."

"எதையோ தொட்டே, சரியாப் போச்சு. எதைத் தொட்டேன்னு உனக்கே தெரியலை. அதுக்கு ஒரு கதை வேற."

அவன் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, தலையை ஆட்டியபடி பெரியவர் மனைவி இருந்த அறைக்கு நடந்தார்.