மைமூனுக்கு ஒரு டகோட்டா

1

இந்தக் கதையை நான் ஒரு படிவத்திலிருந்து எடுத்தேன். திருடினேன் என்று சொன்னாலும் தப்பில்லை. ரங்கூனில், பசுந்தாங் வட்டாரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் வாசலோரம் எனக்கு ஒரு மேசை உண்டு. பாஸ்போர்ட், விசா, கல்லூரி, ஆஸ்பத்திரி என்று எந்த ஆங்கிலப் படிவம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பேன். ஒருநாள் காலையில் ரிஹானா வந்து தன் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். என்னை அவள் பர்மிய வழக்கப்படி 'கோ', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"கோ பிரேம், இதக் கொஞ்சம் பாருங்க. எல்லாம் நிரப்பிட்டேன். கடைசிக் கேள்வி மட்டும் புரியல."

பழைய விமானத்தில் இருபது நிமிடம் பறப்பதற்கான படிவம் அது. தாய்லாந்தின் வடக்கே ஒரு சிறிய விமானத் திடல். அங்கே சிலர் பழைய விமானங்களைத் துடைத்துப் பழுது பார்த்து வைத்துக்கொண்டு, ஆசைப்பட்டவர்களை ஏற்றிப் பறக்கிறார்கள். பெரும்பாலும் வயதான அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் பரிசு. பயணி தன் தாய், பெயர் மைமூன், வயது எழுபத்து மூன்று, ரத்தக் கொதிப்பு உண்டு, இடது முழங்காலில் வலி உண்டு என்று ரிஹானா எழுதியிருந்தாள். கடைசிக் கேள்வி: இந்த விமானத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவு?

(கேள்வியில் இருந்த சொல்லுக்குச் சரியான தமிழ் 'தொடர்பு'. அவசரத்தில் நான் 'உறவு' என்று சொல்லிவிட்டேன். ரிஹானா சிரித்தாள். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தால் இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது.)

2

முதல் தொடக்கம்: எழுபத்து மூன்று வயதில் மைமூனுக்கு ஆகாயம் ——

வேண்டாம். இப்படித் தொடங்கினால் கிழவி மேகத்தைப் பார்த்துக் கண்கலங்குவதில்தான் போய் முடியும்.

இரண்டாவது தொடக்கம்: ரிஹானாவின் தம்பி அஷ்ஃபாக் ஒரு சுயநலக்காரன். அக்காவின் தலையில் தாயைக் கட்டிவிட்டு ——

இதுவும் வேண்டாம். இது பொய். ராணுவத்தின் கட்டாய ஆட்சேர்ப்புப் பட்டியல் பற்றி வார்டு வார்டாகப் பேச்சு எழுந்த வருஷம் அஷ்ஃபாக்குக்கு முப்பத்து நான்கு. கிடைத்த முதல் விமானத்தில் போய்விட்டான். இப்போது தாய்லாந்தில், சியாங் மாயில் ஏர்கண்டிஷனர் பழுது பார்க்கிறான். திரும்பி வர முடியாது. தாயைப் பார்க்க வேண்டுமென்றால் தாய்தான் அவனிடம் போக வேண்டும். தாயோ, வீட்டை விட்டு நகரமாட்டேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். சுயநலக்காரன் என்று எழுதியது என் வசதிக்காக. ஒருவனைக் கெட்டவனாக்கிவிட்டால் கதை தானாக ஓடும் அல்லவா?

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

யோசனை அஷ்ஃபாக்குடையது. ஒரு மாலை போனில் சொன்னான்: "உம்மாவ வாங்கன்னா வரமாட்டாங்க. ப்ளேன்ல ஏத்துறேன்னு சொல்லிப் பாரேன்."

அவர்களுடைய தாய் கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் ரங்கூனின் மிங்கலாடோன் விமான நிலையத்தின் தையல் பிரிவில் வேலை பார்த்தவள். டகோட்டா விமானங்களின் இருக்கை உறைகளையும் பெல்ட்டுகளையும் தைத்தாள். ஆனால் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. கல்யாணம் ஆனதும் வாப்பா வேலையை விடச் சொல்லிவிட்டார் என்பது அந்த வீட்டில் பிள்ளைகள் இருவருக்கும் தெரிந்த சேதி. ரிஹானா பத்தொன்பது வயதில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வாப்பாவைப் பார்த்து, "உம்மாவ வீட்டுக்குள்ள அடச்சு வச்சது நீங்கதானே?" என்று கத்தியிருக்கிறாள். அவர் பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

திடலில் இரண்டு விமானங்கள் இருந்தன. ஒன்று, இரட்டை இறக்கை வைத்த குட்டி விமானம். தலைக்கு மேல் கூரை கிடையாது. தோல் தொப்பியும் கண்ணாடியும் கொடுப்பார்கள். இன்னொன்று டகோட்டா. அக்காளும் தம்பியும் ஒரு வாரம் வாதாடினார்கள்.

"சின்னது நல்லா இருக்கும் அக்கா. முகத்துல காத்து அடிக்கும்."

"உம்மாவுக்கு ஃபேன் காத்தே ஆகாது. டகோட்டாதான். அவங்க தச்ச ப்ளேன்."

ரிஹானாவுக்கு இதில் ஒரு பிடிவாதம் இருந்தது. வாப்பா பறித்ததைத் தான் திருப்பிக் கொடுப்பதாக ஒரு நினைப்பு. படிவத்தின் கடைசிக் கேள்விக்கு அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய பதில் இது: 'இந்த விமானத்தை என் தாய் தைத்தாள். அதில் அவள் ஒருநாளும் உட்காரவில்லை.'

ரங்கூனிலிருந்து சியாங் மாய்க்கு டிக்கெட்டை அஷ்ஃபாக் எடுத்தான். போவதற்கு மட்டும். வருவதற்கு எடுக்கவில்லை. அதைத் தாயிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் மீ* வந்த கையோடு மைமூன் இஸ்திரி போட உட்கார்ந்திருந்தாள்.

* கரண்ட்டை நாங்கள் இங்கே பர்மிய மொழியில் இப்படித்தான் சொல்வோம். அது போகிற நேரமும் வருகிற நேரமும்தான் எங்கள் கடிகாரம்.

"உம்மா, இங்க பாருங்க. ஒண்ணு காட்டுறேன்."

"இரு புள்ள, மீ போயிரும். நாலு துணி பாக்கி கெடக்கு."

"ஒரு நிமிஷம் உம்மா."

மைமூன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கினாள்.

"டகோட்டாவா இது?"

"ஆமா. இன்னமும் பறக்குது. நீங்க அதுல ஏறப் போறீங்க. அஷ்ஃபாக் எல்லா ஏற்பாடும் பண்ணிட்டான்."

ரிஹானா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைமூன் வெள்ளி நிற இறக்கைகளைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். விமானத்தின் உட்பக்கம், வரிசையாக இருக்கைகள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு மூலைக்குக் கொண்டுபோனாள்.

"பெல்ட்டு யாரு தச்சது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஏறமாட்டேன்." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த லோஞ்சிக் கைலியை விரித்துப் போட்டாள்.

ரிஹானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாப்பா விட்டிருந்தா அப்பவே ஏறியிருப்பீங்க. இப்பதான் அவரும் இல்லயே. இன்னும் யாருக்குப் பயப்படுறீங்க?"

மைமூன் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிறகு சுதாரித்து எடுத்தாள்.

"அவரு எங்க என்னைய நிப்பாட்டுனாரு? நானாத்தான் நின்னேன்."

5

(இங்கே பத்து நாள் எழுதாமல் விட்டிருந்தேன். ஒரு பாத்திரம் வாழ்நாள் ரகசியத்தை மதிய வேளையில் துணி தேய்த்துக்கொண்டே சொல்லிவிடுமா என்று சந்தேகம். ரிஹானாவிடமே கேட்டேன். "அப்படித்தான் சொன்னாங்க. நடுவுல தண்ணி கூடத் தெளிச்சுக்கிட்டாங்க" என்றாள்.)

"ஒரு மழக்காலம். மெழுகு நூல் சரக்கு வரல. பெல்ட்டுக்கு நாலு வரி தையல் போடணும்கிறது சட்டம். என் கையில ஆறு பெல்ட்டக் குடுத்து, சாயந்திரத்துக்குள்ள வேணும்னுட்டாங்க. இருந்த நூல வச்சு ரெண்டு வரிதான் போட்டேன். மடிச்சுத் தச்சா வெளிய தெரியாது. மேலதிகாரி பாத்தாரு, கையெழுத்துப் போட்டாரு, எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மாட்டிட்டாங்க. எந்தப் ப்ளேன்ல, எந்த சீட்டுல? யாருக்குத் தெரியும்? ஒண்ணு அக்யாபுக்குப் போவும், ஒண்ணு மிச்சினாவுக்குப் போவும். போனதெல்லாம் திரும்பி எறங்குற வரைக்கும் நான் பஸ் ஏறமாட்டேன். ஷெட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே இருப்பேன்."

"ஏதாச்சும் ஆச்சா உம்மா?"

"ஒண்ணும் ஆகல. எட்டு மாசம் கழிச்சுப் பழைய பெல்ட்டு எல்லாத்தயும் மாத்துனாங்க. அன்னைக்கே வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஒங்க வாப்பா என்னையப் பொண்ணு பாக்க வந்ததே அதுக்குப் பொறவுதான்."

"வாப்பாதான் நிப்பாட்டினார்னு சொல்வீங்களே."

"நான் எப்ப சொன்னேன்? நீங்களா சொல்லிக்கிட்டீங்க. அவருக்கு எல்லாம் தெரியும். புள்ளைங்க என்னைய ஒண்ணும் கேட்டுறக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டாரு."

ரிஹானா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வாப்பாவின் கை அவளுக்கு ஞாபகம் வந்தது. (இதற்கு மேல் அவள் மனதுக்குள் நான் போகவில்லை. அவள் போக விடவும் இல்லை.)

உட்கார்ந்தபடியே அவள் சொன்னாள். "உம்மா, டிக்கெட்டு போறதுக்கு மட்டும்தான். வர்றதுக்கு எடுக்கல. உங்கள அங்கேயே வச்சுக்கிறதுன்னு நானும் அவனும் பேசியிருந்தோம்."

மைமூன் தேய்த்த லோஞ்சியை நான்காக மடித்தாள்.

"நீ?"

"நான் இங்கதான் இருப்பேன்."

"தனியாவா?"

"ஆமா."

மகளின் முகத்தை மைமூன் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது போலவே பார்த்தாள் என்றாள் ரிஹானா.

"சரி, போறேன்."

6

ரிஹானாவை நான் சந்தேகித்தது இந்த இடத்தில்தான். அவள் ஏன் கூடப் போகவில்லை? வாசகர் கேட்பார். மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று எழுதினேன். அடித்தேன், அதைப் புதுப்பித்துக் கொடுத்ததே நான்தான். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் லீவு இல்லை என்று எழுதினேன். அதையும் அடித்தேன். வீட்டை யாராவது ——

கடைசியில் அவளையே கேட்டுவிட்டேன். ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தபடி பதில் சொன்னாள்: "எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, கோ பிரேம். ஒரு வாரம்கூட நான் தனியா இருந்ததில்ல. இருந்து பாக்கணும்னு இருக்கு. இதப் போய் யார்கிட்ட சொல்றது?"

அப்படியானால் பரிசு யாருக்கு? இந்தக் கேள்வியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

7

இன்னொன்று. கதையை இவ்வளவு தூரம் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: மைமூன் முதன்முதலில் ஏறிய விமானம் டகோட்டா இல்லை. அங்கே போய்ச் சேருவதற்கே அவள் சாதாரண ஜெட் ஒன்றில் ஏற வேண்டியிருந்தது. எந்த விமானம் என்று ஒரு வாரம் வாதாடிய இருவருக்கும் இது தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பயணம் எப்படி இருந்தது என்று யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

மிங்கலாடோனில் வழியனுப்பும்போது மைமூன் சொன்னது இவ்வளவுதான்: "பின்கதவுத் தாழ்ப்பா சரியா விழாது. ஒரு ஒத விட்டுப் பூட்டு."

முதல் வாரம் ரிஹானா கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கினாள். காலையில் மொஹிங்கா நூடுல்ஸைப் பொட்டலத்தோடு வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். எதையும் தேய்க்கவில்லை; கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனாள். வெட்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. இரண்டாவது வாரமும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரத்துச் சனிக்கிழமை மைமூன் டகோட்டாவில் ஏறினாள். ஏறியதும் தன் பெல்ட்டைத் திருப்பி நகத்தால் கீறிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையினுடையதையும் பார்த்தாள். முன்வரிசைக்குப் போய் அங்கிருப்பவற்றையும் பார்க்க ஆரம்பித்தபோது திடலின் மெக்கானிக் ஓடி வந்தான். அஷ்ஃபாக் தாய்லாந்து மொழியில் ஏதோ விளக்கினான். மெக்கானிக் கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். கிழவி பதினெட்டு பெல்ட்டுகளையும் பார்த்து முடிக்கும் வரை விமானம் கிளம்பவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து, தன்னுடையதை மாட்டிக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக அவள் பார்க்கவே இல்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் இருபது நிமிடமும் தமிழில் பேசிக்கொண்டிருந்தாளாம். எஞ்சின் சத்தத்தில் இவள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. பின்னால் இருந்த அஷ்ஃபாக்குக்கு ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது. "என் மவ ஒருத்தி ரங்கூன்ல இருக்கா, தனியா இருக்கணும்னு ஆசப்பட்டா, நான் வந்துட்டேன்."

8

இறங்கியதும் மைமூன் மகளுக்கு போன் போட்டாள்.

"ஏறிட்டேன் புள்ள."

"எப்படி இருந்திச்சு உம்மா?"

"தையல் நல்லா இருந்திச்சு. இப்ப எல்லாம் மெஷின்ல போடுறாங்க போல."

"பயமா இருந்திச்சா?"

"இல்ல. ஒண்ணு கேக்குறேன், உள்ளத உள்ளபடி சொல்லு. நான் திரும்பி வரவா, இங்கயே இருக்கவா?"

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

'வாங்க உம்மா' என்று ரிஹானா அழுகிறாள். —— (எழுதி முடித்ததும் எனக்கே பிடிக்கவில்லை. மூன்று வாரத்தில் அவளுக்கு ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடுகிறது.)

'அங்கேயே இருங்க' என்கிறாள், குரல் தடுமாறாமல். —— (இதைப் படிக்கிறவர்கள் அவளை மன்னிக்கமாட்டார்கள். அவள் இந்தத் தெருவில் இன்னும் குடியிருக்கிறாள்.)

'உங்க இஷ்டம்' என்கிறாள். —— (இது என் பதில். என் அம்மா கேட்டபோது நான் சொன்னது. இங்கே இதற்கு இடமில்லை.)

லைன் அறுந்துவிட்டது என்று எழுதலாம். ரங்கூனில் லைன் அறுந்ததென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நல்ல முடிவு என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு லைன் அறுந்துபோகவில்லை. எல்லாம் தெளிவாகக் கேட்டது. மைமூன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது என்றாள் ரிஹானா. தப்பிக்க ஒரு சாக்கும் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக நின்று அவள் பதில் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கேள்வி கேட்டது அவளை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். உங்கள் தாய் உயிரோடு இருந்தால், உள்ளதை உள்ளபடி, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.